கேட்காமல் கொடுத்த பிடிமண்

காற்றாலைக்கு நான் விரோதி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொடிவயலில் இப்போது யாரைக் கேட்டாலும், "சொர்ணவல்லியா? காத்தாடியே வேண்டாம்னு ரோட்ட மறிச்சவ" என்றுதான் சொல்வார்கள். பொய். சுத்தப் பொய். என் வீட்டிலும் மிக்சி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது. கரண்ட் போனால் மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டு முதல் ஆளாகச் சண்டை பிடிக்கிறவளும் நான்தான். காற்றில் கரண்ட் எடுக்கிறேன் என்று ஒருவன் வந்தால் தாராளமாக எடுக்கட்டுமே. கஜா புயலில் என் மாமனார் வைத்த தென்னை அத்தனையையும் படுக்கப் போட்ட காற்று அது. இனிமேலாவது உருப்படியாக ஒரு வேலை செய்யட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. என்னைக் கேட்கவில்லை. என்னை மட்டுமா, ஊரில் யாரையுமே கேட்கவில்லை. கேட்காமலே கேட்டதாக ஆக்கிவிட்டார்கள். அதைச் செய்தவன் வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் பூவைப் பறிக்கப் போயிருப்பேன். செய்தவன் என் கூடப்பிறந்த தம்பி.

கொடிவயல் கீரமங்கலத்திலிருந்து அறந்தாங்கி போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. எனக்கு ஒரு ஏக்கர் மல்லிகை. விடியப் பறித்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போட்டால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வீட்டுக்காரர் அருள்மணி குவைத்தில் இருக்கிறார். அங்கிருந்து வருகிற பணம் பையன் படிப்புக்குப் போய்விடும். அந்த மல்லிகைக்குத் தண்ணீர் என் கிணற்றிலிருந்து. கிணற்றுக்கு ஊற்று ஊர்க் கண்மாயிலிருந்து. கண்மாய்க்குத் தண்ணீர் மேற்கே மேட்டுக்காட்டிலிருந்து இறங்கிவருகிற ஒரே ஒரு வாய்க்கால் வழியாக. அதை வரத்துவாரி என்போம். ஐப்பசி மழையில் அந்த வாரி ஓடவில்லை என்றால் என் கதை முடிந்தது. எனக்கு மட்டுமில்லை, கண்மாய்க்குக் கீழே கிணறு வைத்திருக்கிற எல்லார் கதையும்தான்.

கம்பெனி போட்ட செம்மண் ரோடு அந்த வாரிக்குக் குறுக்கே போகிறது.

அதற்கு முன்னால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. ஐயனாருக்கு மண்குதிரை செய்து கோயிலுக்குத் தூக்கிப்போவதைப் புரவி எடுப்பு என்போம். அது வருகிற வருஷம், ஆனி மாதத்தில் ஊரைக் கூட்டுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆம்பளை வந்து கண்மாய்க்கரையில் நிற்க வேண்டும். எங்கள் ஊர்த் தலைவரை அம்பலம் என்போம். இப்போதைய அம்பலம் நாகராசு, எனக்குப் பெரியப்பா முறை, நடுவில் நின்று, "புரவி எடுக்கலாமா, யாருக்கும் மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்பார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் எல்லாரும் "இல்லைங்க" என்ற பிறகுதான் கண்மாய்க்குள் இறங்கி ஒரு பிடி மண் அள்ளி, வெற்றிலையில் வைத்து, குதிரை செய்கிற வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் பெயர் பிடிமண். எவனாவது ஒருவன் "எனக்கு மனத்தாங்கல் இருக்குங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு. அதைப் பேசித் தீர்க்காமல் மண்ணைத் தொட மாட்டார்கள். ஒரு வருஷம் வேலித் தகராறில் ஒரே ஒரு வீட்டுக்காரன் முறுக்கிக்கொண்டு நின்றதில், ஐயனாருக்கு அந்த வருஷம் குதிரையே கிடையாது. அதே மாதிரி, பிடிமண் கொடுத்தாகிவிட்டால் அப்புறம் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. பேசினால் ஊருக்கு ஆகாது.

இடுப்பு உயர மண்குதிரைக்கு இத்தனை கேள்வி கேட்கிற ஊர் இது. வானத்துக்கு நிற்கிற இரும்புக் கம்பத்துக்கு ஒரு கேள்வி உண்டா? கிடையாது.

தை மாதம் கம்பெனிக்காரர்கள் கண்மாய்க்கரையில் பூமி பூஜை போட்டார்கள். கோயிலுக்குத் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதனால் ஊரே வந்திருந்தது. மேனேஜர் அரவிந்த்குமார் கோயம்புத்தூர்க்காரர், வெள்ளைச் சட்டை, தலையில் மஞ்சள் தொப்பி. பக்கத்தில் என் தம்பி ரெங்கராஜ். டிப்ளமோ படித்துவிட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஊர்க்காரர்களிடம் பேசிச் சமாளிக்கிற வேலை. கழுத்தில் கார்டு தொங்கவிட்டுக்கொண்டு என்னைக்கூட ஒரு தினுசாகத்தான் பார்த்தான். பூஜை முடிகிற நேரத்தில் அம்பலத்தின் காதில் போய் என்னவோ சொன்னான். அவர் தலையை ஆட்டினார். நேரே கண்மாய்க்குள் இறங்கினார். ஒரு பிடி மண்ணை அள்ளினார். தாம்பாளத்திலிருந்து வெற்றிலை எடுத்து, அதில் வைத்து, இரண்டு கையாலும் அந்த மேனேஜரிடம் கொடுத்தார். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். நானும் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு அங்கேதான் நின்றேன். பெரிய மனுஷனுக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ரோடு போட்டார்கள். வாரியில் ஒரு குழாயைப் போட்டு மேலே செம்மண்ணைக் கொட்டி உருளை விட்டு அமுக்கிவிட்டார்கள். குழாய் என்றால் என்ன குழாய் தெரியுமா? எங்கள் வீட்டு நாய்க்குட்டி நுழைந்தால் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். "தம்பி, மழை வந்தா இதுல தண்ணி எப்படிப் போகும்?" என்று ரோலர் ஓட்டினவனிடம் கேட்டேன். "டெம்பரவரிங்கம்மா" என்றான். சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தது. அரை மணி நேர மழைக்கே சண்டு சருகெல்லாம் வந்து குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ரோட்டுக்கு மேற்கே தேங்கி, பிச்சையம்மாளின் நிலக்கடலைக் கொல்லையை மூழ்கடித்தது. ரோட்டுக்குக் கிழக்கே கண்மாயில் ஒரு சொட்டு இல்லை. பிச்சையம்மாள் அழுகிக்கிடந்த கடலைச் செடியை வேரோடு பிடுங்கி என் வாசலில் கொண்டுவந்து போட்டாள்.

"ஒந்தம்பிட்ட சொல்லு. இத வந்து திங்கச் சொல்லு."

அவள் கோபம் நியாயம். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

கம்பெனி ஆபீஸ் அறந்தாங்கி போகிற வழியில், ஒரு வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தார்கள். அரவிந்த்குமார் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அதையும் சொல்ல வேண்டும்தானே.

"சார், வாரியில போட்ட கொழாய எடுத்துட்டு பாலமாக் கட்டித் தாங்க. ஐப்பசிக்குள்ள கட்டணும். இல்லாட்டி கம்மா நெறையாது" என்றேன்.

"மேடம், டிசைன்ல என்ன இருக்கோ அதான் போட்டிருக்கோம். நீங்க ஒருத்தர் மட்டும் வந்து இப்படிச் சொல்றீங்க. உங்க கிராமம் ஃபுல்லா எங்களுக்கு சப்போர்ட் மேடம். இதப் பாருங்க."

மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு வெள்ளைத் தட்டில் மண். காய்ந்து பொருக்குவிட்ட கண்மாய் மண். அடியில் ஒரு தகடு வைத்து, 'கொடிவயல் மக்களின் முழுச் சம்மதம்' என்று தங்க எழுத்தில் அடித்திருந்தார்கள்.

"இந்த மண்ணக் குடுத்துட்டா ஊரே ஒத்துக்கிட்டதா அர்த்தமாமே? ரெங்கராஜ்தான் எக்ஸ்பிளைன் பண்ணாரு. மத்த சைட்ல எல்லாம் மறியல், கோர்ட்டுனு இழுக்குது. இங்க ஒரு பிரச்சனையும் இல்ல. ஹெட் ஆபீஸ்ல எல்லாருக்கும் இத அனுப்பி வச்சோம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்ன, மேசையில் அடித்தேன், பாதி டீ அவர் பேப்பரில் சிந்தியது. சிந்தட்டும். இது மரியாதை இல்லை, மாலை இல்லை, சால்வை இல்லை. எங்கள் வாயைத் தைக்கிற வேலை. எந்த ஊசியால் தைத்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம் என்று தெரிந்து தைத்திருக்கிறார்கள். அந்த ஊசி கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

ரெங்கராஜ் வெளியே பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, எவனக் கேட்டுடா புடிமண்ணு குடுக்கச் சொன்ன?"

"அக்கா, ஆபீஸ் வாசல்ல கத்தாத."

"கத்துவேன். சொல்லு, எவனக் கேட்ட?"

"எல்லாம் நல்லதுக்குத்தான். ஊரக் கூட்டிக் கேட்டா என்னாகும்னு ஒனக்குத் தெரியாதா? ஒருத்தன் ரோடு இங்கிட்டு வேணும்பான், ஒருத்தன் அங்கிட்டு வேணும்பான், ஒருத்தன் எம் மாமனுக்கு வேலை குடும்பான். வருசம் போயிரும். ஒரு சத்தம் இல்லாம முடிச்சேன்னு எனக்கு அங்க எவ்வளவு நல்ல பேரு தெரியுமா?"

"கேட்டாத்தானடா சத்தம் வரும்! பொணந்தான்டா சத்தம் போடாது!"

"கொழாய் விசயத்த நான் பேசுறேன்க்கா. மெதுவாப் பேசணும். நீ வீட்டுக்குப் போ."

மெதுவாகவாம். ஐப்பசி என்ன மெதுவாகவா வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்குக் கண்டக்டர் பாவம், சில்லறை இல்லை என்று சொன்னதற்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவன் பேசவில்லை. வைகாசி போனது, ஆனி வந்தது. இந்த வருஷம் புரவி எடுக்கிற வருஷம். ஊர் கூடியது. என் கொழுந்தன் நிலவழகன் அன்று திருவரங்குளத்தில் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தான், வரமுடியவில்லை. அதனால் எங்கள் வீட்டுக்கு ஆம்பளையாக ரெங்கராஜ் போய் நின்றான். யார் நிற்கச் சொன்னது? அவனே நின்றான். பொம்பளைகள் நாங்கள் கரைக்குக் கீழே, தள்ளி நிற்கிறோம். எங்களை யாரும் கேட்பதில்லை, வேடிக்கை பார்க்கலாம்.

"புரவி எடுக்கலாமா, யாருக்கும் மனத்தாங்கல் உண்டா?" அம்பலம் கேட்டார்.

"இல்லைங்க" என்றது கூட்டம். என் தம்பி குரல் தனியாகக் கேட்டது.

"எனக்கு உண்டு!" என்று கத்திவிட்டேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. பிச்சையம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யாரோ சிரித்தார்கள். அம்பலம் கையை நெற்றிக்கு வைத்து வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னாத்தா, ஒன் வீட்டுக்கு ரெங்கராசு இல்லைன்னு சொல்லிட்டானே?"

"என் வீட்டுக்குச் சொல்ல அவன் யாரு? எம் புருசனா, எம் மாமனாரா?"

"சொர்ணம், இது புரவிக்குக் கேக்குறது. காத்தாடிக் கதைய இங்க கொண்டாராத."

"சரி பெரியப்பா. காத்தாடிக்கு எப்பக் கேட்டீங்க? மூணு தடவ வேணாம், ஒரு தடவ கேட்டீங்களா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், உதறினார், மறுபடி போட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் அவர். "ஒந்தம்பி வந்து மரியாதைக்கு ஒரு புடி மண்ணக் குடுங்கன்னான். வெத்தலையில வைக்கச் சொல்லல. கைப்பழக்கம் ஆத்தா. மண்ண அள்ளுன கை தன்னால வெத்தலைக்குப் போயிருச்சு. வச்சுக் குடுத்தப்பறம்தான் எனக்கே ஒரைச்சது. ஆனாலும் குடுத்தது குடுத்ததுதான். இனி மாத்திப் பேசுனா ஊருக்கு ஆகாது."

"கம்மா காஞ்சா மட்டும் ஊருக்கு ஆகுமா?"

ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். எத்தனை பேருக்கு அந்தக் கண்மாய்க்குக் கீழே கிணறு இருக்கிறது! ஒருவன் வாய் திறக்கவில்லை. அம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார், கூட்டம் மறுபடி "இல்லைங்க" என்றது, மூன்றாவது தடவையும் அப்படியே. பிடிமண் வேளார் கைக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்த பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினேன். அன்று மாலை நிலவழகன் வந்தபோது, "மதினி, தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றான். கேட்கட்டும் என்றேன்.

ஊர்ப் புரவிகள் தவிர, வேண்டிக்கொண்டவர்கள் தனித்தனியாகவும் குதிரை எடுப்பார்கள். எனக்கும் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கை கால் முழுசா வீடு வந்து சேந்தா ஒரு குதிரை எடுக்குறேன் ஐயனாரே" என்று வேண்டியிருந்தேன். வந்து சேர்ந்தார், உடம்பு தேறி, திரும்பவும் போய்விட்டார். இந்த வருஷம் கடனைத் தீர்க்க வேண்டும். வேண்டுதல் குதிரைக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தூக்குவது ஆம்பளைகள்தான். ஆனால் வேண்டியவர் முன்னால் நடக்க வேண்டும். அவர் சொன்னால்தான் தூக்க வேண்டும், அவர் சொன்னால்தான் இறக்க வேண்டும். இறக்கிய குதிரையை அவர் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது, அம்பலமே ஆனாலும். பொம்பளை வேண்டியிருந்தாலும் அதே முறைதான். ஊர்ச் சபையில் என் குரல் செல்லாது. என் குதிரைக்கு முன்னால் செல்லும்.

இதை நான் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. சத்தியமாக இல்லை. ஆவணியில் புரவி எடுப்பு அன்று காலையில் குளித்து மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பக்தியாகத்தான் போனேன். புரவிப் பொட்டலில் வரிசையாகக் குதிரைகள், கழுத்தில் மாலை, முதுகில் வேட்டி. குதிரைகளுக்குக் கண் எழுதித் திறந்தார்கள். கொட்டு முழங்கியது. ஊர்ப் புரவி இரண்டும் முன்னால் போக, அடுத்து என்னுடையது, அதற்குப் பின்னால் மற்றதெல்லாம். கோயிலுக்குப் போகிற பாதை முன்னே ஒற்றையடிப் பாதை. இப்போது கம்பெனி ரோடு. வாரி வந்தது. காலுக்குக் கீழே அந்தக் குழாய் வாய் தெரிந்தது. சருகு அடைத்து, ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, சித்திரையில் கிடந்தது கிடந்தபடி. பார்த்ததும் எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"எறக்கு" என்றேன்.

குதிரையைக் கட்டிய கொம்பை முன்னால் தோளில் தூக்கியிருந்த நிலவழகன் நின்றான். "மதினி, இங்கயா?"

"இங்கதான். கொழாய்க்கு நேர் மேல. எறக்கு."

இறக்கினார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழி இல்லை. ரோடு அகலம்தான், ஆனாலும் புரவி வரிசை அறுபடக் கூடாது என்பது முறை. அதனால் முன்னால் போன ஊர்ப் புரவிகளும் நின்றன, பின்னால் வந்தவையும் நின்றன. கொட்டு நின்றது. நான் குதிரைக்குப் பக்கத்தில் செம்மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அம்பலம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்னாத்தா இது? நல்ல நேரம் போகுது."

"வாரியும்தான் போகுது பெரியப்பா. கொழாயத் தோண்டி எடுக்கட்டும், எந்திரிக்கிறேன்."

திட்டினார்கள். யார்தான் திட்டவில்லை? குடும்பத்துக்கு ஆகாதவள், கிறுக்குப் பிடித்தவள், புருஷன் ஊரில் இல்லாத திமிர், எல்லாம் கேட்டேன். சாமி காரியத்தில் அரசியல் பண்ணுகிறாள் என்று ஒருவன். கேட்டுக்கொண்டே என் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் இருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பிச்சையம்மாள் மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்துக்குத்தான் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து காத்தாடி றெக்கை வந்தது. அத்தனை நீள லாரி. கட்டியிருந்த றெக்கையின் நுனி எங்கேயோ தென்னைக்குப் பின்னால் இருந்தது. காலையில் புரவி போய்விடும், பதினோரு மணிக்கு மேல் ரோடு காலி என்று ரெங்கராஜ் கம்பெனிக்குச் சொல்லி வைத்திருந்தானாம். ஊர் வழக்கத்தைக் கம்பெனிக்கு விற்கிறவனுக்கு அக்காள் குணம் மறந்துவிட்டது. லாரி ஹாரன் அடித்தது. முன்னால் வந்த ஜீப்பிலிருந்து அரவிந்த்குமாரும் ரெங்கராஜும் இறங்கினார்கள்.

"மேடம், ப்ளீஸ். கிரேன் வெயிட்டிங். வண்டி இங்க நிக்க முடியாது. மொதல்ல போகட்டும், குழாய் விஷயத்த அப்புறம் பேசலாம்."

"மொதல்ல தோண்டுங்க. அப்புறம் பேசலாம்."

ரெங்கராஜ் குனிந்து என் காதருகே வந்தான். "அக்கா, மானத்த வாங்காத. எந்திரி."

"ஒனக்கு இருந்தாத்தானடா வாங்குறதுக்கு?"

அவன் முகம் கறுத்தது. அரவிந்த்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியது. பொறுமை போய்விட்டது அந்த மனுஷருக்கு. "ரெங்கராஜ், என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒரு மண் பொம்மைதானே. நாலு பேரு சேந்து தூக்கி ஓரமா வைங்க."

சொல்லி வாயை மூடவில்லை. என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ரெங்கராஜ் நகரவில்லை. அவனால் எப்படி முடியும்? கம்பெனிச் சட்டைக்குள்ளே இருப்பவன் கொடிவயல்காரன்தானே. லாரி டிரைவர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் போலிருக்கிறது. கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

அம்பலம் மெதுவாக முன்னால் வந்தார்.

"பொம்மையா?" என்றார். "தம்பி, ஒங்க ஆபீஸ்ல கண்ணாடிக்குள்ள வச்சிருக்கீங்களாமே, அதே கம்மா மண்ணுதான் இதுவும். அதே கைதான் அள்ளிக் குடுத்துச்சு. அங்க இருந்தா சம்மதம், இங்க இருந்தா பொம்மையா?"

"ஐயா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"எறக்குங்கடா" என்றார் அம்பலம், ஊர்ப் புரவி தூக்கியவர்களைப் பார்த்து. இறக்கினார்கள். பின்னால் ஒவ்வொன்றாக எல்லாக் குதிரையும் இறங்கியது. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ஆம்பளைகளை மட்டும் இல்லை. கையை எங்கள் பக்கமும் நீட்டினார்.

"தையில கேக்காம விட்டத இப்பக் கேக்குறேன். வாரியில இந்தக் கொழாய் இருக்கலாமா? யாருக்கும் மனத்தாங்கல் உண்டா?"

"உண்டு!"

முதலில் கத்தியது பிச்சையம்மாள். அப்புறம் பொம்பளைகள் எல்லாரும். அதற்கு அப்புறம்தான் ஆம்பளைகளுக்கு நாக்கு வந்தது. ஆனியில் தரையைப் பார்த்து நின்ற அத்தனை பேரும் இப்போது மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. இதே வாயைத் தை மாதத்தில் திறந்திருந்தால் பிச்சையம்மாளின் கடலை பிழைத்திருக்குமே, படுபாவிகளா என்று அதையும் சத்தமாகவே சொன்னேன்.

அரவிந்த்குமார் தள்ளிப்போய் நின்று போனில் யார் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, பாலம் கட்டித் தருகிறோம், எழுதிக் கொடுக்கிறோம் என்றார். எழுத்து வேண்டாம், ஜேசிபி கொண்டாங்க என்றேன். கம்பம் நடுகிற இடத்தில் அவர்கள் ஜேசிபி சும்மாதான் நின்றது. வந்தது. குதிரையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன், நானே சொன்னேன். ரோட்டை வெட்டி, மண்ணை வாரி, அந்தக் குழாயைச் சங்கிலி போட்டு இழுத்து மேலே போட்டார்கள். வாரி வாய் திறந்தது. இனி பாலம் கட்டாமல் அந்த றெக்கை இந்தப் பக்கம் வராது. அது வர வேண்டும் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். லாரி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து மெயின் ரோட்டுக்குப் போனது.

ரோடு இல்லாத காலத்தில் போன மாதிரி, புரவிகளை வாரிக்குள் இறக்கி ஏற்றிக் கொண்டுபோக முடிவானது. நல்ல நேரம் போய்விட்டது. ஐயனார் கோபித்துக்கொள்வார் என்றார்கள். தண்ணீருக்காகத் தாமதமானதற்கு அவர் கோபித்துக்கொண்டால் அவரிடமும் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

நிலவழகன் கொம்பைத் தோளில் வைக்கப்போன நேரத்தில் ரெங்கராஜ் என் பக்கத்தில் வந்து நின்றான். கழுத்துக் கார்டு சட்டைப் பைக்குள் போயிருந்தது. கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு நிற்கிற மாதிரியே நின்றான். அதைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை.

"என் வேலை போயிரும்க்கா" என்றான். "இப்படிச் செய்யப்போறேன்னு என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நான் அவனை நன்றாகப் பார்த்தேன். அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே இன்னும் உறைக்கவில்லை.

"கேட்டிருக்கலாம்டா" என்றேன். "கேட்டிருக்கணும்."

அவன் தலை மெதுவாகக் கவிழ்ந்தது. நான் குதிரைக்கு முன்னால் போய் நின்று, நிலவழகனைப் பார்த்து, "தூக்கு" என்றேன்.